பொட்டு வைக்காத கையெழுத்துகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான், தாமலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த நம் மகள், சென்னையிலிருந்து காரில் வந்த கண்காட்சிக்காரர், செருப்பைக் கழற்ற மனமில்லாமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்ற அவருடைய டிரைவர், கடைசியாக வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த சைக்கிள் கடை பாய். ஐந்து பேர். மாலை போட்ட படத்தில் நீங்களும் இருந்தீர்கள். உங்களை நான் சேர்க்கவில்லை.

சென்னைக்காரருக்கு நீங்கள் எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. உங்கள் காரியம் முடிந்து மூன்றாம் வாரம் அவருடைய பதில் வந்தது. சர்க்கஸ் கம்பெனிகளின் வரலாற்றுக்கென்று ஒரு நிரந்தரக் கண்காட்சி அமைக்கிறார்களாம், நீங்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்ததைப் பார்க்க வேண்டுமாம். கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் பெயரோடு அவை இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்று நம் மகளும் சொன்னாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆசைதானே அது. சரி, வரட்டும் என்று எழுதிப் போட்டேன்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்துருண்டை வாசனைக்கு அடியிலிருந்து குங்கும வாசனை வந்தது. யானைச் சாணம், மரத்தூள், பவுடர் என்று ஒருகாலத்தில் வந்ததெல்லாம் போய்விட்டது. அம்மன் கோயில் குங்குமம் மட்டும் இருந்தது. அந்த வாசனை எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உங்களுக்கு இந்தப் பித்து பிடித்தது ஒயர்மேன் வேலையால். ரயில்வே ஸ்டேஷன் தாண்டிய காலித் திடலில் எந்தக் கம்பெனி கூடாரம் போட்டாலும் தற்காலிக லைன் இழுக்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோரும் முன்பக்கம் டிக்கெட் வாங்கி உள்ளே போவார்கள், நீங்கள் ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போவீர்கள். பார் விளையாடுகிறவர்கள், பபூன்கள், சைக்கிளில் பிரமிடு கட்டுகிறவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவீர்கள். படத்தில், நோட்டீஸில், கிழிந்த டிக்கெட்டில், ஒரு முறை சரிகைச் சட்டையின் கழுத்துப் பட்டிக்குள்.

கல்யாணமான வருடம் என்னையும் பின்பக்கமாக அழைத்துப்போனீர்கள். தேவகி என்ற பெண் கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். அரை மணி நேரம் கழித்து அவள் அறுபது அடி உயரத்தில் ஒரு கம்பை விட்டு இன்னொரு கம்பைப் பிடிக்கப் போகிறாள். ஆனால் பதற்றமெல்லாம் உங்கள் முகத்தில்தான்.

"நல்லா எழுதும்மா. முழுப் பேரும் எழுதும்மா," என்றீர்கள்.

"முழுப் பேர் எழுதினா ஷோவுக்கு லேட்டாகும் சேட்டா," என்று சிரித்தாள். ஆனாலும் எழுதினாள். மை பேனாவில், மலையாளத்தில், தன் படத்தின் கீழே. அந்தப் பொடி படிந்த கட்டைவிரல் ரேகையும் ஓரத்தில் விழுந்தது. வீடு வரும்வரை அந்தப் படத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்தீர்கள். திரும்பி வரும்போது பஸ் கூட்டத்தில் என்னை ஒரு கையாலாவது பிடித்திருக்கலாம்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் வீட்டுக்குள் வருகிற பொருளுக்கு ஒரு பட்டியல் இல்லாமல் இருக்க என்னால் முடியாது. யார், என்ன வித்தை, எந்தக் கூடாரம், எதில் எழுதியது என்று நோட்டுப் போட்டேன். மலையாளக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாமல் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன்? டீக்கடையில் மாட்டியிருந்த மலையாளக் காலண்டரில் பழைய மாதத்தைக் கிழித்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவந்தேன். கிழமைகளின் வரிசை மாறாதே. ஞாயிறிலிருந்து சனிவரை வைத்து எழுத்துகளைப் பிடித்தேன். இந்திக்கு ஸ்டேஷன் பலகை இருந்தது. அதில் நம் ஊர்ப் பெயர் மூன்று எழுத்திலும் இருக்கும். அம்மன் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் ஒரு நடை அதிகமாக நடந்து அந்தப் பலகையின் கீழ் நின்றிருக்கிறேன். நான்கு நோட்டுகள் நிரம்பின. நீங்கள் அவற்றைப் புரட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்று சொன்னது இரண்டு முறை.

அந்த முதல் வருடம் சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகம், நோட்டு, உங்கள் கட்டிங் பிளேயர், டெஸ்டர் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கினேன். தேவகியின் படத்தையும் வைத்தேன். சந்தனம் குழைத்து, மோதிர விரலால் வைத்து, அதன்மேல் குங்குமம். முகத்தில் வைக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களின் படத்தில் நெற்றிப் பொட்டு வைக்கக் கூடாது, அது போனவர்களுக்கு. அதனால் கையெழுத்தின் மேல் வைத்தேன். எழுத்துதானே சரஸ்வதி? நான் யோசித்துத்தான் செய்தேன்.

நீங்கள் குளித்துவிட்டு வந்து பார்த்தீர்கள். ஈரச் சந்தனத்தில் மை இளகி, முதல் எழுத்து ஊதிப்போயிருந்தது.

"இன்னாங்க? நல்லா இல்லியா?" என்றேன்.

"நல்லா இருக்குது. கற்பூரம் காட்டு," என்றீர்கள். சுண்டல் தின்றீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கொஞ்சம் வெளியே போய்வருகிறேன் என்று போனீர்கள். டீ குடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

அதன்பிறகு வருடா வருடம் பூஜைக்கு முந்தின நாள் நீங்களே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து, படங்களை எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தீர்கள். எந்த வேலைக்கும் வீட்டில் கை வைக்காத மனிதர் இதற்கு மட்டும் வருகிறாரே என்று அம்மனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். கூடாரத்துக்காரர்களில் யாராவது இறந்துபோன செய்தி கேள்விப்பட்டால் எனக்குச் சொல்வீர்கள். அந்த வருடம் அவருடைய பொட்டைக் கையெழுத்திலிருந்து நெற்றிக்கு மாற்றுவேன். நோட்டிலும் குறித்துக்கொள்வேன். முப்பத்தாறு பூஜை.

நம் மகள் பிறந்த அன்று நீங்கள் வேலூரில் இருந்தீர்கள். அங்கே ஒரு வயதான பபூனுக்குக் கடைசி ஷோ. மறுநாள் சாயங்காலம் பிரசவ வார்டுக்குள் ஒரு கூம்புத் தொப்பியோடு வந்தீர்கள். உள்பக்கம் கையெழுத்து. பக்கத்துக் கட்டில்காரி வாயில் முந்தானையைப் பொத்திச் சிரித்தாள்.

"கொழந்தைய பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன். இத்த பாரு மொதல்ல. அழுதுக்கினே போட்டாரு கையெழுத்து."

நான் அழுததை யாரிடம் போய் வாங்குவீர்கள் என்று கேட்க நினைத்தேன். குழந்தை அழுதது, பால் கொடுக்கத் திரும்பிக்கொண்டேன். அந்தத் தொப்பிக்கும் அந்த வருடம் பொட்டு வைத்தேன். வேண்டா வெறுப்பாக வைக்கவில்லை, நீங்கள் வணங்குகிறதை நானும் வணங்கினேன். எனக்குத் தெரிந்த குடித்தனம் அதுதான்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சென்னைக்காரர் கையில் மெல்லிய உறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி வில்லையால் பார்த்தார். என் நோட்டுகளைப் புரட்டியபோது முகம் மலர்ந்தது. படங்களுக்குத் திரும்பியபோது சுருங்கியது.

"அம்மா, இதென்ன செகப்பா? எல்லாத்துலயும் இருக்கே?"

"சரஸ்வதி பூஜைக்கு வைக்கிறதுங்க."

"கையெழுத்து மேலயேவா வெச்சீங்க?"

"மூஞ்சில வைக்கக் கூடாதுங்களே."

அவர் வில்லையைக் கீழே வைத்தார். படித்த மனிதர், குரலை உயர்த்தவில்லை. வருடா வருடம் ஈரம் பட்டதில் மை கரைந்துவிட்டது, தாள் உப்பி உரிந்திருக்கிறது, பாதிக் கையெழுத்துகளில் எழுத்தே இல்லை, இதைக் காட்சிக்கு வைக்க முடியாது என்றார். நம் மகள் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தாள். உங்கள் ஆயுசை என் மோதிர விரலால் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். உங்கள் படத்தைப் பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஏனென்றால் அப்போதுதான் பாய் தொண்டையைச் செருமினார். நாற்காலிக்கு அடியில் அவர் ஒரு அலுமினியப் பெட்டி வைத்திருந்ததை நான் கவனித்திருக்கவில்லை.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதம்மா. அவன் சொல்லக் கூடாதுன்னான். இப்ப சொல்லாம இருந்தா நான் மனுசனே இல்ல," என்று பெட்டியைத் திறந்தார்.

எல்லாம் இருந்தன. அதே பபூன்கள், அதே பார்க்காரிகள், சைக்கிள் குடும்பம், கத்தி வீசுகிறவர். ஒவ்வொன்றும் வெண்ணெய்த் தாளில் சுற்றி, ஒரு சொட்டு சிவப்பு இல்லாமல், கையெழுத்து நேற்றுப் போட்டது மாதிரி.

"எப்பலேர்ந்துண்ணே?" என்றேன்.

"உங்க மொத பூஜை அன்னிக்கு சாயங்காலம் ஓடியாந்தான்மா. அதுக்கப்புறம் யார்கிட்ட வாங்குனாலும் ரெண்டு ரெண்டா வாங்குவான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஊட்டுக்கு."

"உங்ககிட்ட ஏன்?"

பாய் தாடியைத் தடவினார். "எங்க ஊட்ல யாரும் பொட்டு வைக்க மாட்டாங்கன்னுதாம்மா."

வாசலில் நின்ற டிரைவர் சிரித்துவிட்டார். பிறகு இருமினார். சென்னைக்காரருக்கு இந்த வீட்டில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்பதெல்லாம் மறந்துபோய், இரண்டு கையாலும் பெட்டிக்குள் இறங்கிவிட்டார். பாய்க்கு மனம் லேசானதில் வாய் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தவற்றுக்கு நீங்கள் இருவரும் ஒரு பெயரே வைத்திருந்தீர்களாமே? பூஜை காப்பி. "பாய், இது நல்ல காப்பி, உள்ள வை. இது பூஜை காப்பி" என்பீர்களாம். எத்தனை வருடம் அந்தக் கடை வாசலில் நின்று அதைச் சொல்லிச் சிரித்தீர்கள்? காற்று அடிக்க நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபோதெல்லாம் பாய் எழுந்து நின்று மரியாதை செய்வார். ஏன் என்று இப்போது புரிகிறது.

தேவகியின் படமும் அதில் இருந்தது. ஊதிப்போகாத முதல் எழுத்தோடு.

"இது ஒண்ணுதானே வாங்குனாரு?" என்றேன்.

பாய் நம் மகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அவன் மாலை போட்டு மலைக்குப் போனானே, ஒரு வருசம். வர்ற வழியில அந்தப் பொண்ணு ஊர்ல எறங்கி விசாரிச்சிருக்கான். மலைக்கும் போனான்மா, அது பொய்யில்ல. அந்தப் பொண்ணுக்கு அப்ப கல்யாணமாயி ரெண்டு கொழந்த. புருசன் எதிர்லதான் கையெழுத்து போட்டுக் குடுத்துச்சாம்."

நாற்பத்தோரு நாள் விடிகாலையில் எழுந்து தலைக்குக் குளித்து, உங்களுக்குத் தனி அடுப்பில் சமைத்தேன். வெங்காயம் நறுக்கின கத்தியைக்கூட வேறு வைத்தேன். நீங்கள் திரும்பியதும் உங்கள் காலைக் கழுவிவிட்டு, பாயசம் வைத்து, இருமுடித் தேங்காயைத் தெருவெல்லாம் பங்கு போட்டேன். உங்கள் பைக்குள் தேவகி இருந்திருக்கிறாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. புருஷன் எதிரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். அவள் வீட்டில் ஒளிவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "மை கரையுது, மேல வைக்காத, ஓரமா வை." இவ்வளவுதான். அடுத்த நிமிடம் நிறுத்தியிருப்பேன். சாம்பாரில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளத் தெரிந்தவர் இதைச் சொல்லக் கூசினீர்களா? முப்பத்தாறு வருடம் ஒரு பெண்ணைப் பலகையின் முன் உட்கார வைத்து, கெட்டாலும் பரவாயில்லை என்று ஒதுக்கியவற்றை எடுத்துக்கொடுத்து, அவள் கும்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். நான் கற்பூரம் காட்டியபோது நீங்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்களே.

இந்த வருடம் வீட்டில் பண்டிகை இல்லை. என் நெற்றியிலும் இப்போது குங்குமம் இல்லை. அந்தப் படங்களில்தான் இருக்கிறது.

அன்று எல்லோருக்கும் காப்பி கலந்து கொடுத்தேன். டிரைவருக்கும் கொடுத்தேன். அடுப்படியிலிருந்து திரும்பி வந்தபோது சென்னைக்காரர் திணறிக்கொண்டிருந்தார். பாய் பெட்டியில் இருந்தவற்றின் பின்னால் ஒரு குறிப்பும் இல்லை. யார் என்று அவருக்கும் தெரியவில்லை, பாய்க்கும் தெரியவில்லை. "தலைவரே, அந்தக் குதிரைக்காரி பேரு எதோ ல-ல வரும்," என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நோட்டை எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பெயர் சொன்னேன். என்ன வித்தை, எந்தக் கூடாரம், எந்தக் கையால் எழுதுவார், இப்போது இருக்கிறாரா இல்லையா. லலிதா, குதிரை மேல் நின்று வளையம் தாண்டுகிறவள், இடது கை. வருடா வருடம் ஒவ்வொரு பெயரையும் சொல்லித்தானே பொட்டு வைத்தேன்? அர்ச்சனை மாதிரி அது எனக்கு மனப்பாடம். முதலில் ஓரிரண்டு தாள்களில் குறித்துக்கொண்டிருந்த மனிதர், பிறகு போனில் என் குரலைப் பதிவு செய்தார். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது.

போகும்போது ஒரு தாளை நீட்டினார். பாய் பெட்டியில் உள்ளதையும், என் நான்கு நோட்டுகளையும் கண்காட்சிக்குக் கொடுக்கச் சம்மதம் என்று வாரிசு போட வேண்டிய கையெழுத்து. கீழே பெயர்ப்பலகைக்கான வாசகமும் இருந்தது. சேகரித்துப் பாதுகாத்தவர் என்று உங்கள் பெயர் மட்டும்.

நம் மகள் விடவில்லை. "எங்கம்மா பேரு எங்க சார்? இப்ப ரெண்டு மணி நேரமா பேசினது யாரு?"

"போட்டுடலாம்மா. உதவின்னு போடலாம்."

"உதவியா? அம்மா இல்லன்னா அது வெறும் பேப்பர் சார்."

"சுமதி, விடுடி," என்றேன். அவர் தாளை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். பாய் மட்டும் வாசலில் நின்றார். "கோவமாம்மா?" என்றார். "உங்க மேல இல்லண்ணே, பெட்டிய எடுத்துக்கினு போங்க, உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் நம் மகள் என்னோடு சண்டை போட்டாள். "அப்பா உன் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா சொல்லல. நீ ஆசையா செய்றத எதுக்குத் தடுக்கணும்னு ரெண்டு வாங்கியிருக்காரு. எந்தப் புருஷன்மா செய்வான்?" என்கிறாள். அவள் உங்கள் மகள், அப்படித்தான் சொல்வாள். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித் தோன்றுகிறது. பூஜைக்கென்று இரண்டாவது கையெழுத்துக்காகக் கூடாரத்துக்குப் பின்னால் கெஞ்சிக்கொண்டு நிற்கிற உங்களை நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. அடுத்த நிமிடம் கடை வாசலில் நீங்களும் பாயும் சிரிப்பது கேட்கிறது. இவளுக்கு எங்கே புரியப் போகிறது, ஐந்தாம் கிளாஸ், பொட்டு வைத்துக்கொண்டு போகட்டும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அதுவும் இதே மாதிரிதான் இருக்கும். இரண்டுக்கும் வெளியே தெரிகிற செயல் ஒன்றே. இரண்டு கையெழுத்து, ஒரு பேச்சும் இல்லை.

நேற்று அம்மன் கோயிலுக்குப் போனேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டு அம்மனிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துப் பொட்டலம்கூட மடித்துவிட்டேன். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளை ஏன் இதில் இழுக்க வேண்டும்? இது அவளுக்குத் தெரிய வேண்டிய விஷயமில்லை. உங்களுக்குத் தெரிந்த விஷயம்.

தாள் என் முன்னால் இருக்கிறது. உங்கள் ஆசை நிறைவேற என் கையெழுத்து ஒன்று மட்டும்தான் பாக்கி. இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் கேட்காத ஒன்று அது. என் மனம் கோணாமல் இருக்கத்தான் ஒளித்தீர்கள் என்றால் போட்டுவிடுகிறேன், உதவி என்ற வார்த்தைகூட எனக்கு வேண்டாம். எனக்குப் புரியாது என்று ஒளித்தீர்கள் என்றால் நோட்டுகளைக் கொடுக்க மாட்டேன், அவர் எழுதிக்கொண்டதையும் போனில் பதிந்த என் குரலையும் அழிக்கச் சொல்வேன். படங்கள் பெயரில்லாமல் கண்ணாடிக்குள் இருக்கட்டும். பூஜை காப்பிகளை நான் வைத்துக்கொள்கிறேன். அவற்றில் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டில் எது என்று சொல்லுங்கள். கனவில் சொன்னாலும் சரி, பாயிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்தால் அவர் நினைவுக்குக் கொண்டுவந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சென்னைக்காரர் வருகிறார். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.